தென்னாப்பிரிக்காவில் செவிலியப் படிப்பு: கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மகளோ மகனோ செவிலியம் படிக்க விரும்புவதாகச் சொன்னதும், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் உள்ள நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் படிப்பை முடித்தவரைத் தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றம் எந்த வகைச் செவிலியராகப் பதிவு செய்யும்? கல்லூரியின் பெயரும் கட்டடமும் நான்கு ஆண்டுகளில் நம்மை விட்டுப் போய்விடும். மன்றத்தின் பதிவேட்டில் ஏறும் வகை, பணி ஓய்வு வரை கூடவே வரும். எந்த வார்டில் வேலை பார்க்கலாம், எந்த மேற்படிப்புக்குப் போகலாம், சம்பளம் எந்தப் படியில் தொடங்கும் என்பவை பெரும்பாலும் அந்தப் பதிவைப் பொறுத்தே அமைகின்றன. செவிலியரைச் சட்டப்படி பதிவு செய்யும் வழக்கத்தை உலகிலேயே முதலில், 1891ஆம் ஆண்டில், தொடங்கிய இடம் அன்றைய கேப் காலனிதான் என்பதை இங்கே நினைவுகூரலாம். இந்த நாட்டில் பதிவேட்டுக்கு இருக்கும் கனம் நேற்று வந்ததன்று.

முதல் படி: எந்தப் பதிவு வேண்டும் என்று முடிவு செய்தல்

பள்ளி முடித்தவர் நேரடியாகச் சேரக்கூடிய செவிலியப் படிப்புகள் இன்று மூன்று. ஓராண்டு உயர் சான்றிதழ், படிப்புகளைப் படிநிலைகளாக வரிசைப்படுத்தும் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஐந்தாம் நிலையில் உள்ளது. அதை முடித்தவர் துணைச் செவிலியராகப் பதிவு பெறுவார். மூன்றாண்டு டிப்ளமோ ஆறாம் நிலையில் உள்ளது. அதை முடித்தவர் பொதுச் செவிலியர் ஆவார். நான்காண்டுப் பட்டம் எட்டாம் நிலையில் உள்ளது. அதை முடித்தவர் தொழில்முறைச் செவிலியராகவும் மகப்பேற்றுச் செவிலியராகவும் ஒருங்கே பதிவு பெறுவார். டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் உரிய விதிகள் 2013ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியானவை. கல்லூரிகளில் "ஆர் 171" என்றால் டிப்ளமோ, "ஆர் 174" என்றால் பட்டம் என்றே பேசிக்கொள்வார்கள். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த அலுவலகத்திலும் குழப்பமில்லாமல் கேள்வி கேட்க முடியும்.

டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓராண்டுக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. டிப்ளமோ படித்தவர் பிரசவ வார்டில் மகப்பேற்றுச் செவிலியராகப் பணியாற்ற விரும்பினால், பின்னர் மேல்நிலை டிப்ளமோ ஒன்றைத் தனியே படிக்க வேண்டும். அது ஏழாம் நிலையில் உள்ளது. தீவிர சிகிச்சை, மனநலம், சிறுநீரகம், குழந்தை நலம், அவசர சிகிச்சை போன்ற சிறப்புத் துறைகளுக்கான முதுநிலை டிப்ளமோ எட்டாம் நிலையில் இருப்பதால், ஆறாம் நிலையில் தொடங்குபவர் இடையிலுள்ள படியையும் ஏறித்தான் அங்கே போய்ச் சேர முடியும். பட்டம் பெற்றவருக்கு அந்த இடைப்படி கிடையாது. ஆகவே மதிப்பெண்ணும் பணவசதியும் இடங்கொடுத்தால் பட்டத்தையே முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடங்கொடுக்காவிட்டால் டிப்ளமோ மதிப்புள்ள வழிதான். உயர் சான்றிதழை மட்டும், வேறு வழி இல்லாதபோது எடுக்கும் நுழைவாயிலாகக் கருதுங்கள். அதை முடித்ததும் டிப்ளமோவில் சேர இடம் கிடைக்குமா என்பதை அதே கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே சேருங்கள்.

நம் குடும்பங்களில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அத்தைமாரும் சித்திமாரும் நிறைய இருக்கிறார்கள். அவர்களின் அனுபவம் விலைமதிப்பற்றது. ஆனால் அவர்கள் படித்த பழைய நான்காண்டுப் படிப்பு, பொதுச் செவிலியம், மனநலம், சமூக நலம், மகப்பேறு ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் தந்தது. பட்டமாகப் படித்தாலும் டிப்ளமோவாகப் படித்தாலும் நான்கும் கிடைத்தன. அந்தப் படிப்பில் புதிதாக மாணவர்களைச் சேர்ப்பது 2019ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. "நான் கல்லூரியில்தானே படித்தேன், எல்லாத் தகுதியும் வந்ததே" என்று அவர்கள் சொன்னால், அவர்கள் காலத்துக்கு அது உண்மை. இன்றைய மூன்றாண்டு டிப்ளமோவுக்கு அது பொருந்தாது. இன்றைய நான்காண்டுப் பட்டத்திலும் மனநலச் செவிலியப் பதிவு தானாக வராது. அதற்குத் தனி மேற்படிப்பு உண்டு. இதைப் பெரியவர்களிடம் பணிவோடு எடுத்துச் சொல்லிவிட்டு, வார்டு வாழ்க்கை, மூத்தோரிடம் நடந்துகொள்ளும் முறை, இரவுப் பணியில் உடம்பைக் காத்துக்கொள்ளும் வழி ஆகியவற்றைப் பற்றி அவர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அங்கீகாரத்தைச் சரிபார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப்போனவர்கள் பணத்தையும் ஆண்டுகளையும் இழந்திருக்கிறார்கள். அங்கீகாரமில்லாத செவிலியக் கல்லூரிகளைப் பற்றிச் செவிலியர் மன்றமும் உயர்கல்வித் துறையும் பலமுறை பொதுமக்களை எச்சரித்துள்ளன. டர்பன் நகர மையத்தில் ஒரு மாடிப் படிக்கட்டின் அருகே பளபளப்பான பலகை தொங்குவது எதையும் மெய்ப்பிக்காது.

சரிபார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. படிப்புக்குச் செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தில் அந்தத் தகுதி பதிவாகி, அதற்கென ஓர் எண் இருக்க வேண்டும். தனியார் நிறுவனமாக இருந்தால் உயர்கல்வித் துறையில் நிறுவனமே பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்நான்கையும் இணையத்திலேயே பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: செவிலியர் மன்றம் ஒரு கல்லூரியை மொத்தமாக அங்கீகரிப்பதில்லை, குறிப்பிட்ட படிப்பை, குறிப்பிட்ட வளாகத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மாணவர்களுக்கு நடத்த அனுமதிக்கிறது. உயர் சான்றிதழுக்கு அங்கீகாரம் பெற்ற ஒரு கல்லூரி, டிப்ளமோவுக்கும் பெற்றிருக்கும் என்று எண்ணிக்கொள்ள முடியாது. ஒரு நகரத்து வளாகத்துக்குக் கிடைத்த அனுமதி இன்னொரு நகரத்து வளாகத்துக்குச் செல்லாது. "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், விரைவில் வந்துவிடும்" என்று சொல்லும் இடத்தில் ஒரு ரேண்டும் கட்டாதீர்கள்.

வீட்டு நோயாளர் பராமரிப்பு, துணை உடல்நலப் பராமரிப்பு என்ற பெயர்களில் நடத்தப்படும் குறுகிய காலப் படிப்புகளும் உண்டு. அவை முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பு வேலைக்கு உதவக்கூடும். ஆனால் அவற்றைப் படித்தவர் செவிலியராகப் பதிவு பெற முடியாது. சேர்க்கை அலுவலர் "முதலில் இதை முடியுங்கள், பிறகு செவிலியத்தில் இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வோம்" என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: பள்ளிப் பாடங்களும் மதிப்பெண்களும்

இந்தப் படி உண்மையில் ஒன்பதாம் வகுப்பின் இறுதியிலேயே தொடங்கிவிடுகிறது, ஏனெனில் பத்தாம் வகுப்புக்கான பாடங்களை அப்போதுதான் தேர்ந்தெடுக்கிறார்கள். உயிர் அறிவியலை எடுக்காமல் விட்ட பிள்ளைக்குப் பெரும்பாலான செவிலியப் படிப்புகளின் கதவு அங்கேயே மூடிக்கொள்கிறது. கணிதமா, அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் எளிய பாடமான மேத்ஸ் லிட்டா என்ற கேள்விக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விடை மாறும். சில இடங்கள் மேத்ஸ் லிட்டை ஏற்றுக்கொண்டாலும் அதில் கூடுதல் மதிப்பெண் கேட்பது வழக்கம். பிள்ளையால் தாக்குப்பிடிக்க முடியுமானால் கணிதத்தையே வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மருந்தின் அளவைக் கணக்கிடும் பாடம் முதலாண்டிலேயே வந்துவிடும்.

மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் தேர்ச்சித் தரம் குறிக்கப்பட்டிருக்கும். பட்டப் படிப்புக்குத் தகுதி பெற, வீட்டு மொழிப் பாடத்தில் குறைந்தது 40 விழுக்காடும், வாழ்க்கைத்திறன் பாடமான லைஃப் ஓரியன்டேஷன் நீங்கலாக நான்கு பாடங்களில் குறைந்தது 50 விழுக்காடும் தேவை. டிப்ளமோவுக்கு அந்த நான்கு பாடங்களில் 40 விழுக்காடு போதும். ஆனால் இவை சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மட்டுமே. இடத்துக்குப் போட்டி மிகுதியாக இருப்பதால், உண்மையில் சேர்க்கப்படுபவர்களின் மதிப்பெண் இதைவிட நன்கு மேலே இருக்கும். மதிப்பெண்களை ஏ.பி.எஸ். எனப்படும் சேர்க்கைப் புள்ளிகளாக மாற்றிப் பார்ப்பார்கள்: 80 அல்லது அதற்கு மேல் பெற்றால் 7 புள்ளி, 70 முதல் 79 வரை 6, 60 முதல் 69 வரை 5, 50 முதல் 59 வரை 4 என்று இறங்கிக்கொண்டே போகும். லைஃப் ஓரியன்டேஷனைச் சேர்த்துக் கூட்டுவதா, விட்டுவிடுவதா என்பதில் நிறுவனங்கள் வேறுபடுகின்றன. அதனால் ஓர் இடத்து 32 புள்ளியும் இன்னோர் இடத்து 32 புள்ளியும் ஒன்றாகாது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கிலும் பிள்ளையின் புள்ளியைத் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: இடங்களின் பட்டியல்

குவாசூலு-நட்டாலில் வசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பல்கலைக்கழகங்கள் மூன்று. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் செவிலியத் துறை டர்பனில் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் உள்ளது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செவிலியப் பட்டத்தைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள இண்டுமிசோ வளாகத்தில் நடத்துகிறது. பெயரில் டர்பன் இருப்பதைப் பார்த்துவிட்டு, நாள்தோறும் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று கணக்கிட்டுவிட வேண்டாம். சூலூலாந்து பல்கலைக்கழகம் வடக்கே குவாட்லாங்கெஸ்வாவில் இருக்கிறது. இம்மூன்றுக்கும் விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்னும் மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் வழியாகவே போகிறது. ஒரே விண்ணப்பத்தில் பல விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுதலாம். அந்த வரிசை முக்கியமானது, ஆகவே பிள்ளைக்கு எது உண்மையிலேயே முதல் விருப்பமோ அதையே முதலில் எழுத வேண்டும்.

அரசுச் செவிலியக் கல்லூரி என்றால் மாகாணச் சுகாதாரத் துறையின் குவாசூலு-நட்டால் செவிலியக் கல்லூரி. அதன் வளாகங்கள் மருத்துவமனைகளை ஒட்டியே அமைந்திருக்கின்றன, சாட்ஸ்வர்த்தின் ஆர்.கே. கான், டர்பன் கடற்கரையை அடுத்த அடிங்டன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கிரேஸ் ஆகியவை நம்மவருக்குப் பழக்கமான பெயர்கள். இக்கல்லூரியின் சேர்க்கை, மாகாணச் சுகாதாரத் துறை தனியே வெளியிடும் அறிவிப்பின்படி நடக்கிறது. அது எந்த வளாகத்தில் எந்தப் படிப்புக்கு என்பது ஆண்டுதோறும் மாறக்கூடும். தனியார் துறையில் நெட்கேர், லைஃப் ஹெல்த்கேர், மெடிக்ளினிக் ஆகிய மூன்று பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்கும் சொந்தக் கல்வி நிறுவனங்கள் உண்டு. மாகாணத்துக்கு வெளியே விட்வாட்டர்ஸ்ராண்ட், பிரிட்டோரியா, வெஸ்டர்ன் கேப் முதலிய பல்கலைக்கழகங்கள் பட்டம் தருகின்றன. அங்கே ஒவ்வொன்றுக்கும் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், சில இடங்களில் தேசிய நுழைவுநிலைத் தேர்வும் எழுத வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: வார்டுகளைக் கேட்டறிதல்

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். செவிலியம் பாதி வகுப்பறையிலும் பாதி நோயாளியின் படுக்கை அருகிலும் கற்கப்படும் தொழில். இரண்டு கல்லூரிகளின் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் அவை மாணவரை அனுப்பும் வார்டுகள் ஒன்றாக இருப்பதில்லை. அதனால்தான் கல்லூரிகளை ஒப்பிடுபவர் முதலில் மருத்துவமனைகளை ஒப்பிட வேண்டும் என்கிறேன்.

முதலாவதாக, எந்தெந்த மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் மாணவர்களை அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். டர்பனின் கேட்டோ மேனரில் 2002இல் திறக்கப்பட்ட இன்கோசி ஆல்பர்ட் லுத்தூலி மத்திய மருத்துவமனை, பிற மருத்துவமனைகளிலிருந்து அனுப்பிவைக்கப்படும் சிக்கலான நோயாளிகளைக் கவனிக்கும் இடம். அங்கே உயர்ந்த கருவிகளையும் அரிய நோய்களையும் பார்க்கலாம். ஆனால் சாதாரணக் காய்ச்சலோடும் கட்டுக்குள் வராத சர்க்கரை நோயோடும் நள்ளிரவில் வந்து சேரும் மனிதரை முதலில் பார்ப்பது ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையிலோ ஆர்.கே. கான் மருத்துவமனையிலோதான். ஊர் கிளினிக்கில் நிலைமை இன்னும் வேறு: அங்கே பெரும்பாலும் மருத்துவர் இருக்க மாட்டார், செவிலியரே நோயைக் கண்டு மருந்தும் தருவார். எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்குவதும் 2010 முதல் பயிற்சி பெற்ற செவிலியரின் கைக்கு வந்துவிட்டது. ஆகவே இந்த மூன்று தரத்து இடங்களிலும் மாணவருக்குப் போதிய காலம் கிடைக்கும் கல்லூரியே முழுமையான செவிலியரை உருவாக்கும். தனியார் குழுமத்தின் கல்லூரி என்றால், அரசு மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் மாணவரை அனுப்ப ஒப்பந்தம் இருக்கிறதா, எத்தனை வாரம் என்று கேட்பது கட்டாயம்.

இரண்டாவதாக, வார்டில் மாணவருக்குக் கற்றுக்கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். கல்லூரியின் ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை முறை வார்டுக்கு வருகிறார்? ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? இன்றைய ஏற்பாட்டில் மாணவர் பணியாளர் கணக்கில் சேராத கூடுதல் ஆள். கற்பதற்காக மட்டுமே வார்டில் இருக்க வேண்டியவர். ஆனால் ஆள் குறைவான வார்டில் அவசரம் வந்தால், கூடுதல் ஆளே முதல் ஆளாக ஓடவேண்டியிருக்கும். ஆசிரியர் அடிக்கடி வந்து பார்க்கும் கல்லூரியில்தான் மாணவரின் கற்கும் உரிமை காக்கப்படுகிறது. இதற்கு நம்பகமான விடை தருபவர்கள் அங்கே இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர்கள். கல்லூரியைப் பொதுமக்கள் பார்வையிடும் திறந்த நாளில் மேடைப் பேச்சு முடிந்த பிறகு அவர்களைத் தேடிப்போய் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: வார்டில் செய்முறையைக் கையெழுத்திட்டு உறுதிப்படுத்த ஆசிரியர் கிடைக்கிறாரா? பயிற்சி நேரக் குறைவை ஈடுசெய்ய விடுமுறையில் திரும்பி வரவேண்டியிருந்ததா?

மூன்றாவதாக, மாணவரின் உடல்நலப் பாதுகாப்பு. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசியைக் கல்லூரி போடுகிறதா, நாமே போட்டுக்கொள்ள வேண்டுமா? ஊசி குத்திவிட்டால், எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கத் தரும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை உடனேயே, தொடங்கியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவில் அப்படி நேர்ந்தால் மாணவர் யாரை அழைப்பது, எங்கே போவது? காசநோய் வார்டுக்குப் போகும் முன் முகக்கவசம் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதித்துத் தருகிறார்களா? இந்த மாகாணத்தின் டுகேலா ஃபெர்ரியில் பரவிய கடும் மருந்தெதிர்ப்புக் காசநோய் பற்றிய செய்தி 2006இல் உலகையே அதிர வைத்தது. அதற்கு ஆளானவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் இருந்தார்கள். இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லும் கல்லூரி, மாணவரைப் பற்றி முன்னமே யோசித்து வைத்திருக்கும் கல்லூரி.

மொழியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாகாணத்து வார்டுகளில் நோயாளிகளில் பெரும்பாலோர் பேசுவது இசிசூலு, அதாவது சூலு மொழி. வலி எங்கே, எப்போது தொடங்கியது, மருந்தைச் சாப்பிட்டீர்களா என்பதையெல்லாம் இன்னொருவரை வைத்து மொழிபெயர்த்துக் கேட்கும் செவிலியர் பாதி நோயை மட்டுமே அறிவார். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், இசிசூலு தெரியாத இளநிலை மாணவர்கள் அதை ஒரு பாடமாகப் படிக்க வேண்டும் என்று 2014இல் விதித்தது. மற்ற கல்லூரிகளில் அத்தகைய பாடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மெட்ரிக் தேர்வு முடிந்து வகுப்பு தொடங்கும் வரையுள்ள மாதங்களில் பிள்ளையே கற்கத் தொடங்கட்டும். கேப் டவுன் பக்கம் போகிறவருக்கு அதே இடத்தில் ஆஃப்ரிகான்ஸும் இசிக்கோசாவும் வரும்.

உடை விதியையும் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். டர்பன் பள்ளி மாணவி ஒருவரின் மூக்குத்திக்காக நடந்த வழக்கில், சமய, பண்பாட்டு வழக்கங்களுக்கு நிறுவனங்கள் நியாயமான அளவில் இடமளிக்க வேண்டும் என்று 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வார்டில் தொற்றுத் தடுப்பு என்ற காரணம் தனியாக இருக்கிறது; மணிக்கட்டில் கட்டும் காப்புக் கயிறும் வளையலும் கை கழுவுவதற்குத் தடை என்பதில் நியாயம் உண்டு. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள், தீபாவளி அரசு விடுமுறை நாளாக இல்லாத நாட்டில் இருப்பவர்கள், விடுப்பை எத்தனை வாரம் முன்னதாகக் கேட்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறாம் படி: பணக் கணக்கு

கட்டணம் என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். சீருடை, காலணி, கைக்கடிகாரம், பாடநூல்கள், மன்றத்துக்குக் கட்டும் மாணவர் பதிவுக் கட்டணம், விடுதி, பயணம் ஆகிய எல்லாவற்றையும் முழுப் படிப்புக் காலத்துக்கும் கூட்டிப் பாருங்கள். பகல் பணி பல இடங்களில் காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை ஏழு மணிக்கு முடிகிறது. அந்த நேரத்தில் வீட்டிலிருந்து மினிபஸ் டாக்சி கிடைக்குமா, இருட்டிய பிறகு இறங்குமிடத்திலிருந்து வீடு வரை பாதுகாப்பாக நடக்க முடியுமா, கல்லூரி வாகனம் அனுப்புகிறதா என்பவையெல்லாம் பணத்தையும் உயிரையும் சேர்ந்த கேள்விகள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 350,000 ரேண்டுக்கு மிகாதவர்கள் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறன் உள்ள மாணவருக்கு அந்த வரம்பு 600,000 ரேண்டு. இத்திட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உதவுகிறது, தனியார் கல்லூரிகளுக்கு உதவுவதில்லை. படிப்பின் காலத்துக்கு மேல் ஓராண்டு மட்டுமே அது தாங்கும். அதாவது நான்காண்டுப் பட்டத்தை ஐந்தாம் ஆண்டிலும் முடிக்காதவர் தன் சொந்தப் பணத்தில்தான் தொடர வேண்டும். எனவே ஒரு பாடத்தில் தவறினால் அதை உடனே மறுபடி எழுதலாமா, அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டுமா என்று ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்டுவிடுங்கள்.

மாகாணச் சுகாதாரத் துறையும் தனியார் குழுமங்களும் தரும் பர்சரி என்னும் படிப்பு உதவித்தொகைகளில், பணம் பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அவர்களிடம் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எங்கே பணியமர்த்துவார்கள், அவர்களே பணியிடம் தராவிட்டால் கடன் என்னவாகும், இடையில் படிப்பை விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். நான்காண்டுப் பட்டம் முடித்தவர் சட்டப்படி ஓராண்டு சமூகப் பணி செய்ய வேண்டும். செவிலியருக்கு இது 2008 முதல் நடைமுறையில் உள்ளது, அந்த ஆண்டில் சம்பளமும் உண்டு. அந்த ஆண்டு முடிந்த பிறகு, அரசிடம் பணியாளரை அமர்த்தப் பணமில்லாததால் நிரந்தரப் பணியிடத்துக்காகக் காத்திருக்கும் இளம் செவிலியர்கள் அண்மை ஆண்டுகளில் பெருகிவிட்டார்கள். நாட்டில் செவிலியர் பற்றாக்குறை இருப்பதும் உண்மை, வேலையில்லாத செவிலியர் இருப்பதும் உண்மை. வாங்கிய கடனைத் திருப்பித் தரத் தொடங்க வேண்டிய மாதத்தைக் குறிக்கும்போது இந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஒப்பிட்டு முடிவெடுத்தல்

டர்பனின் மெரிபேங்க்கில் வசிக்கும் ஒரு மாணவிக்கு மூன்று இடங்கள் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நான்காண்டுப் பட்டம்; விடுதியில் தங்க வேண்டும். இரண்டாவது, வீட்டுக்கு அருகில் அரசுக் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளமோ. மூன்றாவது, தனியார் குழுமத்தின் டிப்ளமோ. வேலை வாய்ப்பு ஏறத்தாழ உறுதி, ஆனால் கட்டணத்தைக் குடும்பமே கட்ட வேண்டும். நிதியுதவி கிடைக்கும் குடும்பம் என்றால், வீட்டை விட்டுப் பிரிவது கடினமாக இருந்தாலும் பட்டத்துக்கே அனுப்புங்கள் என்பேன். ஓராண்டு கூடுதலாகப் படித்து மகப்பேற்றுப் பதிவோடு எட்டாம் நிலையில் வெளியே வருவது, பின்னால் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு படிப்புகளைத் தனித்தனியே முடிப்பதைவிட எளிது. நிதியுதவியின் வரம்பைச் சற்றே தாண்டிவிட்ட, ஆனால் நான்காண்டு விடுதிச் செலவைத் தாங்க முடியாத குடும்பம் என்றால் அரசுக் கல்லூரியின் டிப்ளமோ தக்க முடிவு. மேல்நிலை டிப்ளமோவுக்கு எத்தனை ஆண்டு கழித்துப் போவது என்பதை அன்றே குறித்துவைக்க வேண்டும். தனியார் இடம், பர்சரியும் அரசு மருத்துவமனைகளில் போதிய பயிற்சியும் சேர்ந்து வரும்போது முதல் இரண்டோடும் போட்டியிடும். அவை இல்லாதபோது மூன்றாமிடத்தில்தான் வைப்பேன்.

காலவரிசையையும் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பின் இறுதி மதிப்பெண்களை வைத்தே முதற்கட்டச் சேர்க்கைத் தெரிவு நடப்பதால், அந்த ஆண்டில் சோம்பியிருப்பது பெரிய இழப்பு. பன்னிரண்டாம் வகுப்பின் ஏப்ரல் முதல் திறந்த நாள்களுக்குச் செல்லலாம், சி.ஏ.ஓ. விண்ணப்பத்தை ஜூனுக்குள் முடித்துவிடுவது பாதுகாப்பானது, ஏனெனில் இறுதி நாளை நெருங்கும்போது இணையம் திணறும், விருப்பங்களை மாற்றவும் நேரம் இருக்காது. நிதியுதவி விண்ணப்பம் தனி, அதன் நாள்களும் தனி. அடையாள அட்டை, பெற்றோரின் வருமானச் சான்று, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் உறுதிசெய்த நகல்களை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மெட்ரிக் முடிவு வந்ததும், தற்காலிகமாகக் கிடைத்த இடம் உறுதியாகிவிட்டதா என்று அன்றே பார்க்க வேண்டும். பதில் தரச் சில நாள்களே அவகாசம் கொடுப்பார்கள்.

சேர்ந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கல்லூரி ஒவ்வொரு மாணவரின் பெயரையும் செவிலியர் மன்றத்தில் கற்போராகப் பதிவு செய்ய வேண்டும். முதலாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தப் பதிவு நடந்துவிட்டதா, பெயரும் பிறந்த தேதியும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, பதிவு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோவிந்தசாமி, கோவிந்தசாமி பிள்ளை என்று பத்திரத்துக்குப் பத்திரம் மாறும் நம் குடும்பப் பெயர்களில் இந்தச் சிக்கல் எளிதில் வரும். படிப்பு முடிந்து பதிவுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அதைத் திருத்த முற்படுவதைவிட முதலாண்டிலேயே திருத்துவது மிக எளிது.